நெப்டியூனுக்கு அப்பால் ஒரு பனிப்பொருள்: மதுரையிலிருந்து தேடத் தொடங்குவோருக்கு

மதுரையில் இருந்துகொண்டு நெப்டியூனுக்கு அப்பால் சுற்றும் ஒரு பனிப்பொருளைக் கண்டுபிடிக்க முடியுமா, அதற்குப் பெயர் வைக்க முடியுமா என்று கல்லூரிப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். பெயரைப் பற்றிய கேள்விதான் பெரும்பாலும் முதலில் வரும். ஆனால் அது கடைசிப் படி. ஒரு புள்ளியைப் பார்ப்பதற்கும் அதற்குப் பெயர் வைப்பதற்கும் நடுவில் பல வருட வேலை கிடக்கிறது. அந்த நடுவேலையில்தான் நம்மைப் போன்ற ஆர்வலர்களுக்கு இடம் இருக்கிறது. அதை எங்கே தொடங்கி எப்படிக் கொண்டுபோவது என்று இங்கே சொல்கிறேன்.

எதைத் தேடுகிறோம்?

சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரம் சுமார் 15 கோடி கிலோமீட்டர். இதை ஒரு வானியல் அலகு என்கிறோம். நெப்டியூன் 30 அலகு தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஏறக்குறைய 50 அலகு வரை பரந்து கிடப்பது கைப்பர் பட்டை. நீர்ப்பனியும் மீத்தேன் பனியும் பாறையும் கலந்த பொருட்கள் அங்கே சுற்றுகின்றன. கோள்கள் உருவான காலத்தில் எதோடும் சேராமல் மிஞ்சிப்போனவை அவை. சூரியக் குடும்பத்தின் பழைய கதை அழியாமல் இருப்பது அங்கேதான் என்பதால் ஒவ்வொன்றும் முக்கியம்.

புளூட்டோவை 1930-ல் அமெரிக்காவின் லோவெல் வானாய்வகத்தில் கிளைட் டோம்பா கண்டுபிடித்தார். அடுத்த பொருள் அகப்பட 62 வருடம் ஆனது. டேவிட் ஜூவிட், ஜேன் லூ இருவரும் 1987-ல் தேடத் தொடங்கி, 1992 ஆகஸ்ட் 30 அன்று ஹவாயின் மௌனா கியா மலை உச்சியில் 2.2 மீட்டர் தொலைநோக்கியில் அதைப் பிடித்தார்கள். இத்தனை காலம் ஆனதற்குக் காரணம் மங்கல். சூரிய ஒளி அங்கே போய்ச் சேரும்போதே தேய்ந்துவிடும். பட்டுத் திரும்பி வரும்போது இன்னொரு முறை தேயும். அதனால் ஒரே அளவுப் பொருளை இரண்டு மடங்கு தூரத்தில் வைத்தால் அது 16 மடங்கு மங்கிப்போகும்.

மங்கலை ஒளித்தரம் என்ற எண்ணால் சொல்வார்கள். எண் ஏற ஏற மங்கல் கூடும். 5 எண் கூடினால் 100 மடங்கு மங்கல். இந்தக் கணக்கை இன்றைய வடிவில் வகுத்த நார்மன் போக்சன் பின்னாளில் சென்னை வானாய்வகத்துக்கு வந்தார். 1861-ல் சென்னையிலிருந்தே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ஏசியா என்று பெயர் வைத்தார். தமிழ்நாட்டுக்கும் இந்தத் துறைக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

இருட்டான இடத்தில் கண்ணுக்குத் தெரிவது 6 வரை. நெப்டியூன் 7.8. புளூட்டோ 14-க்கும் மேல். நெப்டியூனுக்கு அப்பால் உள்ள மாகேமாகே, ஏரிஸ் என்ற பெரிய பனிப்பொருட்கள் 17, 18.7. ஜூவிட்டும் லூவும் பிடித்த பொருள் 23. இதைப் பார்த்தாலே விஷயம் புரியும்: மொட்டை மாடித் தொலைநோக்கியில் புதிய கைப்பர் பட்டைப் பொருள் அகப்படாது. பெரிய தொலைநோக்கிகள் எடுத்துப் பொதுவில் வைத்திருக்கும் படங்களில்தான் தேட வேண்டும். அப்படியானால் வானத்தைப் பார்க்கவே வேண்டாமா என்றால், வேண்டும். வானத்தில் பொருள் நகர்வதைக் கண்ணால் ஒருமுறையாவது பார்த்தவருக்குத்தான் திரையில் எது உண்மையான நகர்வு என்று பிடிபடும்.

முதல் வேலை: நெப்டியூன் நகர்வதைப் பாருங்கள்

10×50 பைனாகுலர் ஒன்று போதும். நெப்டியூன் இப்போது மீன ராசி மண்டலத்தில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து, மார்கழிக் கடைசியிலும் தையிலும் மதுரை வானம் நன்றாகத் தெளிந்திருக்கும். அப்போது முன்னிரவில் மேற்கே பார்க்கலாம். ஊருக்குள் மாட்டுத்தாவணி, காளவாசல் பக்கத்து வெளிச்சத்தில் இது சிரமம். மேலூர் தாண்டிக் கொட்டாம்பட்டிப் பக்கமோ, உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கமோ தெரிந்தவர் தோட்டம் இருந்தால் அங்கே போங்கள். சிறுமலை, அழகர்மலைக் காட்டுப் பகுதிக்குள் இரவில் வனத்துறை அனுமதி இல்லாமல் போக வேண்டாம். கண்மாய்க் கரையில் உட்காருவதாக இருந்தால் சிவப்பு விளக்கும் நல்ல செருப்பும் அவசியம்.

ஸ்டெல்லேரியம் போன்ற இலவச மென்பொருளில் நெப்டியூன் இருக்கும் இடத்தைப் பார்த்து, சுற்றியுள்ள விண்மீன்களோடு ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே இடத்தை மறுபடி வரையுங்கள். ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருக்கும். டோம்பா செய்ததும் இதுதான். 1930 ஜனவரி 23, 29 ஆகிய இரண்டு இரவுகளில் எடுத்த கண்ணாடித் தட்டுகளை மாற்றிமாற்றிப் பார்த்து, ஒரே ஒரு புள்ளி தாவுவதைப் பிப்ரவரி 18 அன்று கண்டார்.

நம் ஊருக்கு ஒரு நல்ல வசதி உண்டு. மதுரை ஏறக்குறைய 10 பாகை வட அட்சத்தில் இருப்பதால், கோள்களும் இந்தப் பனிப்பொருட்களில் பெரும்பாலானவையும் போகும் ராசி மண்டலப் பாதை நமக்குத் தலைக்கு மேலே உயர்ந்து வரும். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இது கிடைக்காது.

இரண்டாவது: வேகத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லப் பழகுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் மனதில் வைக்க வேண்டும் என்றால் இதை வையுங்கள். திருமங்கலம் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது பக்கத்துப் புளியமரம் சட்டென்று பின்னால் ஓடும். தூரத்து மலை மெதுவாகத்தான் நகரும். பூமிதான் நம் பஸ். சூரியனுக்கு நேர் எதிரே இருக்கும் வானப் பகுதியை நடு இரவில் பார்க்கும்போது, ஒரு பொருளின் நகர்வில் பெரும்பங்கு பூமியின் ஓட்டத்தால் வருவது. எவ்வளவு மெதுவாக நகர்கிறதோ அவ்வளவு தூரத்தில் இருக்கிறது.

நகர்வை ஆர்க்செகண்டில் அளப்பார்கள். ஒரு பாகையில் 3600 ஆர்க்செகண்ட்; முழு நிலாவின் அகலம் சுமார் 1800. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் 2.5 அலகில் உள்ள சிறுகோள் ஒரு மணி நேரத்தில் சுமார் 36 ஆர்க்செகண்ட் நகரும். 30 அலகில் உள்ளது 4.2 நகரும். 40 அலகில் 3.2. 80 அலகுக்குப் போனால் 1.7 மட்டுமே. இந்த எண்களுக்கான கணக்கும் எளிது: தூரத்தோடு தூரத்தின் வர்க்கமூலத்தைக் கூட்டி, 148-ஐ அதால் வகுத்தால் மணிக்கான நகர்வு கிடைக்கும். ஒரு நோட்டில் போட்டுப் பாருங்கள்.

சூரியனுக்கு எதிரே என்று சொன்னதை விட்டுவிடக் கூடாது. வேறு திசையில் எடுத்த படங்களில் பக்கத்துச் சிறுகோள்கூட சில நாட்கள் நின்றதுபோல் ஊர்ந்து, தூரத்துப் பனிப்பொருள் மாதிரித் தெரியும். புதிதாக வருபவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். அதனால் தொடக்கத்தில் எதிர்நிலைப் படங்களை மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: சிறுகோள் தேடலில் கையைப் பழக்குங்கள்

நேரடியாகக் கைப்பர் பட்டைக்குப் போக வேண்டாம். ஐஏஎஸ்சி என்று சுருக்கமாக அழைக்கப்படும் சர்வதேச வானியல் தேடல் கூட்டுமுயற்சி மாணவர்களுக்கும் பொதுமக்களுக்கும் இலவசமாகச் சிறுகோள் தேடல் நடத்துகிறது. அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இயங்குகிறது. ஹவாயின் ஹாலேயாகலா மலையில் உள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி எடுத்த படங்கள் உங்களுக்கு வரும். இந்தியாவிலிருந்து பள்ளி, கல்லூரி அணிகள் நிறையவே சேர்கின்றன. ஒரு விண்டோஸ் கணினி, ஆஸ்ட்ரோமெட்ரிகா என்ற மென்பொருள், மூன்று நான்கு நண்பர்கள் இருந்தால் போதும். கல்லூரி இயற்பியல் துறையில் ஒரு ஆசிரியரிடம் சொல்லி அணியாகப் பதிவுசெய்யுங்கள். தனியாகச் செய்வதைவிட நான்கு கண்கள் பார்ப்பது நல்லது.

ஒரே இடத்தை ஒரு மணி நேரத்துக்குள் எடுத்த நான்கு படங்கள் ஒரு தொகுப்பாக இருக்கும். அவற்றை மாறிமாறி ஓடவிட்டுப் பாருங்கள். விண்மீன்கள் அப்படியே நிற்கும். நடுவில் ஒரு புள்ளி ஒரே நேர்க்கோட்டில், ஒரே இடைவெளியில், ஒரே பிரகாசத்தில் தாவினால் உற்றுப் பார்க்க வேண்டும். அதைப் பெரிதாக்குங்கள். உண்மையான பொருள் விண்மீனைப் போலவே விளிம்பு மங்கி உருண்டையாக, சில பிக்சல் அகலத்தில் இருக்கும். ஒரே ஒரு பிக்சல் மட்டும் கூர்மையாகப் பளிச்சென்று இருந்தால் அது கேமராவின் பழுதுப் பிக்சல் அல்லது காஸ்மிக் கதிர் பட்ட தடம். மூன்று படத்தில் நேர்க்கோட்டில் வந்து நான்காவதில் விலகினால் விட்டுவிடுங்கள்.

பிக்சல் ஒன்று கால் ஆர்க்செகண்ட் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணச் சிறுகோள் 20 நிமிடத்தில் 48 பிக்சல் தாவும், கண்ணில் பட்டுவிடும். 40 அலகில் உள்ள பனிப்பொருள் அதே நேரத்தில் 4 பிக்சல்தான் நகரும். விண்மீன் ஒன்றின் படமே அத்தனை அகலம் இருக்கும். அதாவது பழைய புள்ளியை ஒட்டியே புதிய புள்ளி. சிறுகோளில் கண் பழகாமல் இதைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

நான்காவது: பழைய படங்களைத் தோண்டுங்கள்

உண்மையான வாய்ப்பு இங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். உலகின் பெரிய தொலைநோக்கிகள் எடுத்த படங்கள் சில காலத்துக்குப் பின் எல்லோருக்கும் திறந்துவிடப்படுகின்றன. வேறு எதற்கோ எடுத்த படத்தின் ஓரத்தில் ஒரு பனிப்பொருள் யாரும் கவனிக்காமல் கிடக்கும். 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட 2017 ஓஎஃப்201 என்ற பனிப்பொருள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சிஹாவ் செங் தலைமையிலான சிறிய குழு, சிலியிலும் ஹவாயிலும் உள்ள தொலைநோக்கிகளின் பொதுப் படக் களஞ்சியத்தைத் துழாவி அதைக் கண்டுபிடித்தது. 7 வருடங்களில் எடுத்த 19 படங்களில் அது இருந்தது. சூரியனை ஒருமுறை சுற்ற அதற்குச் சுமார் 25,000 வருடம் ஆகும். புதிதாக ஒரு இரவுகூடத் தொலைநோக்கி நேரம் கேட்காமல் நடந்த கண்டுபிடிப்பு அது.

தொடங்குவதற்குத் தெரிந்த பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவின் வானியல் தரவு மையம் சூரியக் குடும்பப் பொருட்களுக்கான படத் தேடல் சேவை ஒன்றை இலவசமாக நடத்துகிறது. மாகேமாகே என்று கொடுத்தால், எந்தத் தொலைநோக்கியின் எந்தத் தேதிப் படத்தில் அது விழுந்திருக்கலாம் என்று பட்டியல் தரும். வானியல் படங்களுக்கான ஃபிட்ஸ் கோப்புகளாகப் படத்தை இறக்கி, ஆஸ்ட்ரோமெட்ரிகாவில் திறந்து, அதைக் கண்டுபிடித்து இடத்தை அளந்து பாருங்கள். உங்கள் அளவும் கணிப்பும் ஒரு ஆர்க்செகண்டுக்குள் ஒத்துப்போகும்வரை பழகுங்கள்.

அப்புறம் ஒரு வருடம், இரண்டு வருடம் மட்டுமே பார்க்கப்பட்ட மங்கலான பொருட்களை எடுங்கள். அவை பழைய படங்களில் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடித்துக் கொடுத்தால் அவற்றின் சுற்றுப்பாதை உறுதிப்படும். ஏரிஸை 2005-ல் கண்டுபிடித்தார்கள். பிறகு தேடியதில் 1954-ல் எடுத்த தட்டிலேயே அது இருந்தது தெரியவந்தது. இந்த வேலைக்குப் புகழ் குறைவு. ஆனால் தொலைந்துபோகவிருந்த ஒரு பொருளைக் காப்பாற்றுவது புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பதற்குச் சற்றும் குறைந்ததில்லை.

சிலியில் வேரா ரூபின் வானாய்வகம் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டிருக்கிறது. 8.4 மீட்டர் ஆடி, 3200 மெகாபிக்சல் கேமரா. இன்று தெரிந்த கைப்பர் பட்டைப் பொருட்கள் சில ஆயிரம்தான். ரூபின் 40,000 வரை கண்டுபிடிக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். அப்படியானால் நமக்கு என்ன மிஞ்சும் என்று சோர்ந்துவிட வேண்டாம். ரூபின் பிடிக்கும் ஒவ்வொன்றையும் பழைய படங்களில் தேடிக் கோக்க வேண்டிய வேலை அத்தனை மடங்கு பெருகும்.

அறிக்கையும் குறியீடும்

அளந்ததை அனுப்ப வேண்டிய இடம் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் உள்ள சிறுகோள் மையம். ஐஏஎஸ்சி வழியாகச் செய்தால் அவர்களே அனுப்பிவிடுவார்கள். ஒரே இரவுப் பதிவு தனியாகக் கோப்பில் கிடக்கும். குறைந்தது இரண்டு இரவுகளில் பார்த்தால்தான் தற்காலிகக் குறியீடு கிடைக்கும்.

அந்தக் குறியீட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டால் ஒவ்வொரு பொருளின் பிறந்தநாளும் தெரியும். ஜூவிட்டும் லூவும் பிடித்ததற்கு 1992 கியூபி1 என்று பெயர். ஆங்கில எழுத்துகளில் ஐ என்பதை விட்டுவிட்டு, மாதத்தின் ஒவ்வொரு பாதிக்கும் ஒரு எழுத்து: ஜனவரி முதல் பாதி ஏ, இரண்டாம் பாதி பி, இப்படியே போனால் ஆகஸ்ட் இரண்டாம் பாதி கியூ. அடுத்த எழுத்து வரிசை எண். அதிலும் ஐ கிடையாது என்பதால் 25 எழுத்துகள்; பி என்றால் 2. கடைசி எண் 25-ன் மடங்கு. ஆக 25-ம் 2-ம் சேர்ந்து 27: 1992 ஆகஸ்ட் இரண்டாம் பாதியில் குறியீடு பெற்ற 27-வது பொருள். 2003 விபி12 எது என்று நீங்களே கணக்குப் போடுங்கள். நவம்பர் முதல் பாதியின் 302-வது பொருள் என்று வர வேண்டும். அதுதான் இன்று செட்னா என்று பெயர் பெற்ற பனிப்பொருள்.

பிறகு பல வருடங்கள், வழக்கமாக நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட எதிர்நிலைகளில் (அதாவது பொருள் சூரியனுக்கு எதிரே வரும் காலங்களில்) தொடர்ந்து பார்த்துச் சுற்றுப்பாதை உறுதியானால் நிரந்தர எண் தருவார்கள். எண் கிடைத்த பின்தான் பெயர் என்ற பேச்சே.

இன்னொரு வழி: விண்மீன் மறையும்போது பார்ப்பது

கையில் 8 அங்குலத் தொலைநோக்கியும் வீடியோ கேமராவும் இருப்பவர்களுக்கு இது. பனிப்பொருள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், அது ஒரு விண்மீனுக்கு முன்னால் கடக்கும்போது விண்மீன் சில நொடிகள் அணையும். அதன் நிழல் பூமியில் ஒரு பட்டையாக ஓடும். பட்டையின் அகலம் பொருளின் அகலமே. குவாவார் என்ற பனிப்பொருள் சுமார் 1100 கிலோமீட்டர் அகலம். அதன் நிழல் ஒரு இடத்தைக் கடக்க முக்கால் நிமிடம் ஆகலாம். மதுரை, திருநெல்வேலி, சென்னை மூன்று இடத்திலிருந்தும் பதிவுசெய்தால் பொருளின் உருவத்தையே வரைந்துவிடலாம். ஐரோப்பாவின் லக்கி ஸ்டார் திட்டம் இந்தக் கணிப்புகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. ஜிபிஎஸ் வழியாக நேரத்தைத் துல்லியமாகப் பதிவது மட்டும் தவறக் கூடாது.

2017-ல் ஹௌமியா என்ற பனிப்பொருளுக்கும், 2023-ல் குவாவாருக்கும் வளையம் இருப்பதை உலகத்துக்குச் சொன்னது இந்த முறைதான். குவாவார் ஆய்வில் ஆஸ்திரேலிய ஆர்வலர்களின் பதிவுகளும் சேர்ந்திருந்தன. நம் பக்கத்திலும் இதற்கு முன்னோடி உண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை நெருங்கியபோது, ஜவ்வாது மலைக் காவலூரில் 1 மீட்டர் தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த விண்மீன் சற்று நேரம் மங்குவதைப் பதிவுசெய்தார்கள். யுரேனஸின் வளையங்கள் வெளிப்பட்ட இரவு அது.

பெயர்

பெயரை முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்கு 10 வருடம் உண்டு. முடிவு பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் பெயரிடல் குழுவுடையது. ரோமன் எழுத்தில் 16 எழுத்துக்குள், முடிந்தால் ஒரே சொல்லாக இருக்க வேண்டும். வாயில் நுழைய வேண்டும், யாரையும் புண்படுத்தக் கூடாது, விளம்பரமாக இருக்கக் கூடாது. அரசியல், ராணுவத்தால் அறியப்பட்டவர் என்றால் இறந்து 100 வருடம் ஆகியிருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள பெயரைப் போலவும் இருக்கக் கூடாது. 1992 கியூபி1-க்கு ஸ்மைலி என்று வைக்கக் கண்டுபிடித்தவர்கள் ஆசைப்பட்டார்கள். 1613 எண்ணுள்ள சிறுகோளுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. கடைசியில் 2018-ல்தான் அது ஆல்பியன் ஆனது.

கைப்பர் பட்டைப் பொருளுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. எந்த வகைப் பெயர் என்பதை அதன் சுற்றுப்பாதைதான் தீர்மானிக்கும். நெப்டியூன் மூன்று சுற்று சுற்றும்போது இரண்டு சுற்று சுற்றுபவை புளூட்டினோக்கள். அவற்றுக்குப் பாதாள உலகத் தெய்வங்களின் பெயர். நெப்டியூனின் பிடியில் சிக்காமல் தொலைவில் சுற்றுபவற்றுக்குப் படைப்புக் கதைகளின் பெயர். எது எந்த வகை என்று சில இரவுப் பதிவை வைத்துச் சொல்ல முடியாது. வருடக்கணக்கில் தொடர்ந்து அளந்தால்தான் தெரியும். முன்பே சொன்ன நடுவேலை இல்லாமல் பெயர் கிடையாது என்பதற்கு இதைவிட நேரான காரணம் வேண்டாம்.

மீனாட்சி என்று வைக்கலாமே என்று மதுரையில் எல்லோரும் கேட்பார்கள். மீனாட்சியின் கதை வேள்வியில் பிறப்பு, பட்டாபிஷேகம், திக்விஜயம், திருக்கல்யாணம் என்று போகிறது. படைப்புக் கதையும் இல்லை, பாதாளக் கதையும் இல்லை. ஐஏஎஸ்சியில் நீங்கள் கண்டுபிடித்த சாதாரணச் சிறுகோளுக்கு வேண்டுமானால், ஒத்த பெயர் ஏற்கெனவே இல்லாவிட்டால் முன்மொழிந்து பார்க்கலாம். அங்கே இந்தக் கட்டுப்பாடு கிடையாது. காவலூரில் ஆர். ராஜமோகன் 1988-ல் கண்டுபிடித்த சிறுகோள் இன்று 4130 ராமானுஜன், நம் கணித மேதையின் பெயர்.

புளூட்டினோ என்றால் கூற்றுவன் என்ற பெயரை நான் தயங்காமல் முன்மொழிவேன். படைப்புக் கதை என்றால் நம் மலைகளின் பழைய குடிகளிடம் போக வேண்டும் என்பது என் எண்ணம். நெய்தல் நிலத்துக்கு உரிய வருணனின் பெயர் 2000-லேயே கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பொருளுக்கு வைத்தாகிவிட்டது. குவாவார் என்பது அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வாழும் டோங்வா பழங்குடி மக்களின் படைப்புத் தெய்வம். கண்டுபிடித்த மைக் பிரவுனும் சாட் ட்ருஹீயோவும் அந்த மக்களைக் கலந்தே பெயரை முடிவுசெய்தார்கள். நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் 2019 ஜனவரி 1-ல் கடந்த பொருளுக்கு ஆரோக்கோத் என்று வைக்கும் முன்னும் அமெரிக்காவின் பவ்ஹாட்டன் மொழிக்குரிய பழங்குடிப் பெரியவர்களின் சம்மதம் கேட்டார்கள். சிறுமலை, சதுரகிரிப் பக்கத்துப் பளியர் பெரியவர்களிடம் உட்கார்ந்து, அவர்கள் கதையைக் கேட்டு, அவர்கள் ஒப்புக்கொண்டால் மட்டும் ஒரு பெயரை எடுத்துக்கொள்வதுதான் முறை.

முன்மொழிவோடு அந்தப் பெயர் யாருடையது, என்ன கதை என்று ஓரிரு வரியில் விளக்கமும் அனுப்ப வேண்டும். ரோமன் எழுத்தில் எப்படி எழுதினால் சரியான ஒலிப்பு வரும் என்று அந்தப் பெயருக்கு உரியவர்களையே சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதுங்கள். குழு ஏற்றுக்கொண்டால் அவர்களது செய்தியிதழில் அந்த விளக்கத்தோடு வெளியாகும்.